உயர்த்தப்பட்ட ஜீப்களுக்கு ஓர் அளவுகோல் வேண்டும்: மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையாளர் நாயகம் அவர்களுக்கு,

வணக்கம். கொழும்பு கிராண்ட்பாஸ் பகுதியில் ஃபோர் வீல் ஜீப்களையும் கெப் (பிக்-அப்) வாகனங்களையும் திருத்தும் சிறிய கராஜ் ஒன்றை நடத்துபவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். தொழிற்சாலை பொருத்தி அனுப்பிய டயரைவிடப் பெரிய டயரைப் போடுவதும், அதற்கு இடம் கொடுக்கச் சஸ்பென்ஷனை உயர்த்துவதும் இன்று இந்நாட்டில் அன்றாடம் நடக்கும் வேலைகளாகிவிட்டன. இவற்றில் எதை எந்த அளவு வரை செய்யலாம், எந்த அளவுக்கு மேல் பொறியியலாளரின் சான்று வேண்டும், எதை எக்காரணம் கொண்டும் செய்யக்கூடாது என்பதை மில்லிமீற்றரில் எழுதி, கராஜில் நிற்பவரும் வீதியில் நிற்கும் பொலிஸ் உத்தியோகத்தரும் ஒரே தாளைப் பார்த்து முடிவு செய்யக்கூடியதாக வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மாற்றங்கள் எல்லாம் பணமுள்ளவர்களின் ஆடம்பரம் என்று கருதுவோர் உண்டு. அவர்கள் பொகவந்தலாவை, மஸ்கெலியா, மடுல்கலைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் மழைக்காலத்தில் ஒரு முறை பயணம் செய்து பார்க்க வேண்டும். லயன்களுக்கும் கொழுந்து மடுவங்களுக்கும் இடையில் ஓடும் அந்தப் பாதைகளில் சில்லுகள் போகும் இரு தடங்களும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகி, நடுவில் கல்லும் மண்ணும் மேடிட்டு நிற்கும். அந்த மேட்டில், அச்சின் நடுவில் தொங்கும் கியர்ப் பெட்டியான டிஃபரென்ஷியல் முட்டி அசையாமல் நின்றுவிடும் கெப்பின் பின்புறத்தில் பிரசவத்துக்குக் கொண்டு செல்லப்படும் பெண் ஒருத்தி இருக்கக்கூடும். வன்னியின் குளக்கட்டுப் பாதைகளுக்கும் வில்பத்துவின் மணற்பாங்கான தடங்களுக்கும் இதே தேவை வேறு வடிவில் இருக்கிறது. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கிக் கிடந்தபோது, சாதாரணக் கார்கள் நுழைய முடியாத வீதிகளில் உயரமான வாகனங்களின் பயன் என்ன என்பதைத் தலைநகர மக்களும் அறிந்துகொண்டார்கள். அத்துடன் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை, புதிய வாகனம் வாங்க வழியில்லாத பலர் கையிலிருந்த பழைய ஜீப்பையே தம் தேவைக்கேற்ப மாற்றியமைக்க வேண்டியிருந்தது. ஆகவே இந்த வேலைகளைத் தடைசெய்துவிட்டால் அவை நின்றுவிடும் என்று எண்ணுவது சரியல்ல. வெளிச்சத்தில் நடக்கும் வேலை மறைவில் நடக்கும். தரம் இன்னும் கெடும்.

விதி எந்த அடிப்படையில் அமைய வேண்டும் என்பதைச் சொல்வதற்கு, இந்த மாற்றம் வாகனத்துக்கு உண்மையில் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகக் கூற அனுமதியுங்கள்.

டிஃபரென்ஷியலைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர் மட்டுமே. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் செசி என்னும் சட்டகமும் உடற்பகுதியும் மேலே போகுமே தவிர, இரு சில்லுகளையும் ஒரே தண்டில் இணைக்கும் திட அச்சு கொண்ட வாகனத்தில் அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். டயரின் விட்டம் கூடும் அளவில் பாதியே அச்சுக்கு உயரமாகக் கிடைக்கும். புதிய சுசுக்கி ஜிம்னி ஜீப்பில் வரும் 195/80ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 693 மில்லிமீற்றர். அதற்குப் பலர் போட விரும்பும் 235/75ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 733 மில்லிமீற்றர். நாற்பது மில்லிமீற்றர் கூடுதல் விட்டத்தால் அச்சு இருபது மில்லிமீற்றர் உயர்கிறது. தோட்டப் பாதையில் அந்த இருபதும் பெரிய உதவிதான். ஆனால் அதே மாற்றத்தால் சில்லு ஒரு சுற்றுக்குக் கடக்கும் தூரம் ஏறத்தாழ ஆறு சதவீதம் கூடுகிறது. வேகமானி 70 காட்டும்போது வாகனம் முன்பு ஓடியதைவிட நான்கு கிலோமீற்றர் வேகமாக ஓடும். தொழிற்சாலை வேகமானிகள் பொதுவாக உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டுவதால், சிறிய மாற்றத்தின் பிழை அதற்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். பெரிய மாற்றத்தின் பிழை மறையாது. டொயோட்டா ஹைலக்ஸ் கெப்பில் வரும் 265/65ஆர்17 டயரைக் கழற்றி 285/70ஆர்17 போட்டால் விட்டம் ஏறத்தாழ 54 மில்லிமீற்றர் கூடி, வேறுபாடு ஏழு சதவீதமாகிறது.

வேகமானியைவிடப் பிறேக் முக்கியமானது. சில்லின் ஆரை ஏழு சதவீதம் கூடினால், அதே தூரத்தில் வாகனத்தை நிறுத்துவதற்கு பிறேக் அதே விகிதத்தில் கூடுதலான முறுக்குவிசையைத் தர வேண்டும். ஆனால் அதன் டிஸ்க்கும் பேடும் மட்டும் பழைய அளவிலேயே இருக்கின்றன. சேற்றுப் பாதைக்கான மட் டெரெய்ன் வகை டயர்கள் எடை கூடியவை என்பதால், சுழலும் பாரமும் அதிகரித்து பிறேக் மேலும் சூடாகிறது. கடுகண்ணாவை இறக்கத்திலோ கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கும் வளைவுகளிலோ இந்தச் சூட்டுக்கு விலை உண்டு. சேற்றைக் கடிக்கும் பெரிய கட்டைகள் கொண்ட அதே டயர், மழை நனைத்த தார் வீதியில் சாதாரண வீதி டயரைப் போலப் பிடிப்பதில்லை என்பதையும் வாங்குபவருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எஞ்சினுக்கும் இந்தச் சுமை உண்டு: கியர் விகிதம் நீண்டதுபோல் ஆகி, ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்தே ஓட்ட வேண்டியிருக்கும். இதை ஓட்டுநர் உடனே உணர்ந்துகொள்வார். பிறேக்கில் வந்த குறைவை அவசர நிறுத்தத்தின்போதுதான் உணர்வார்.

அடுத்தது சஸ்பென்ஷன். முன்புறம் திட அச்சும் கொயில் ஸ்பிரிங்கும் உள்ள பழைய ஜிம்னி, நிசான் பட்ரோல், லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்றவற்றில் நீளமான ஸ்பிரிங் போடும்போது, அச்சைப் பிடித்திருக்கும் கைகள் கீழ்நோக்கித் திரும்பி, முன் சில்லு திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கேஸ்டர் கோணம் குறைகிறது. அதன் பலனாக ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் இயல்பை இழக்கும். அதிவேக நெடுஞ்சாலையில் வாகனம் அலையத் தொடங்கும். அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் பனார்ட் கம்பி வாகனம் உயர்ந்த அளவுக்கு அச்சை ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். எஞ்சினின் சக்தியை அச்சுக்குக் கொண்டுசெல்லும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி அதிர்வு வரும். பிறேக் குழாய்கள் நீளம் போதாமல், சில்லு முழுதாகத் தொங்கும் ஒரு கணத்தில் இழுபட்டு அறுந்துபோகக்கூடும். இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு உண்டு: கேஸ்டர் கோணத்தைத் திருத்தும் ஓஃப்செட் புஷ், நீளம் மாற்றக்கூடிய பனார்ட் கம்பி, நீட்டிய பிறேக் குழாய், உரிய நீளமுள்ள ஷொக் அப்சோர்பர். நல்ல லிஃப்ட் கிட் என்பது இவை அனைத்தும் சேர்ந்ததே. ஸ்பிரிங்கை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று வாகனத்தைக் கையளிப்பதுதான் நம் கராஜ்கள் பலவற்றில் நடக்கிறது.

கெப் வாகனங்களில் நான் மிகவும் அஞ்சுவது வெளியே தெரியாத ஒரு சிறு பாகத்தைத்தான். சுமை ஏற்றும் பல கெப்களில் பின் அச்சுக்கும் செசிக்கும் இடையில் ஒரு கம்பியால் இணைக்கப்பட்ட வால்வு ஒன்று இருக்கிறது. சுமை ஏறிப் பின்புறம் தாழ்ந்தால் அந்த வால்வு பின் பிறேக்குக்குக் கூடுதல் அழுத்தத்தை அனுப்பும். சுமை இல்லாமல் பின்புறம் உயர்ந்து நின்றால், பின் சில்லுகள் இறுகி வழுக்காதிருக்க அழுத்தத்தைக் குறைக்கும். வில்லுத் தகடுகளைக் கூட்டியோ கீழே கட்டை கொடுத்தோ பின்புறத்தை ஐம்பது மில்லிமீற்றர் உயர்த்திவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், வாகனம் முழுச் சுமையுடன் நிற்கும்போதும் தான் வெறுமையாக இருப்பதாகவே வால்வு எடுத்துக்கொள்ளும். உர மூடைகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கும் கெப்பில், பின் பிறேக் மிகத் தேவையான வேளையில் அரைகுறையாகவே வேலை செய்கிறது. ஒரு சிறிய பிரேக்கட்டைப் பொருத்தி இதைச் சரிசெய்துவிடலாம். ஆயினும் உயர்த்தப்பட்டு என் கராஜுக்கு வேறு வேலைக்காக வரும் கெப்களில் இது கவனிக்கப்படாமல் விடப்பட்டிருப்பதை மீண்டும் மீண்டும் காண்கிறேன். வீதியில் நிறுத்திப் பார்க்கும் எந்த உத்தியோகத்தரின் கண்ணுக்கும் இது தெரியப்போவதில்லை. வாகனத்தின் தோற்றத்தைப் பார்த்து வழங்கப்படும் தீர்ப்பு பாதுகாப்பைத் தராது என்று நான் சொல்வதற்கு இதுவே முதற்காரணம்.

மலிவு வழிகள் இன்னும் சில உள்ளன. முன்புறம் ஸ்பிரிங்குக்குப் பதிலாக டோர்ஷன் பார் என்னும் முறுகும் கம்பி உள்ள வாகனங்களில் ஒரு போல்ட்டை முறுக்கினாலே முன்புறம் உயர்ந்துவிடும், செலவு ஒன்றுமில்லை. ஆனால் சில்லு கீழிறங்கக்கூடிய தூரம் அவ்வளவுக்கும் குறைந்து, சில்லுக்குச் சக்தியைக் கடத்தும் சீவி ஜொயின்ட்டும் சஸ்பென்ஷன் மேற்கையின் போல் ஜொயின்ட்டும் எப்போதும் எல்லைக் கோணத்திலேயே நின்று விரைவில் தேய்கின்றன. வில்லுத் தகடுகளைச் செசியுடன் இணைக்கும் ஷெக்கிளை அளவுக்கு மீறி நீளமாகப் போடுவது, கட்டை மேல் கட்டை அடுக்குவது, முன் அச்சிலேயே கட்டை வைப்பது ஆகியவற்றை எந்தச் சான்றும் நியாயப்படுத்த முடியாது. இவை முற்றாகத் தடைசெய்யப்பட வேண்டும். டயர் உரசாதிருப்பதற்காகத் தடித்த ஸ்பேஸரைப் போட்டு சில்லை வெளியே தள்ளுவதும் அவ்வாறே. பெயாரிங் மீதான சுமையைக் கூட்டுவதுடன், மட்கார்டுக்கு வெளியே நீண்ட டயர் கல்லையும் சேற்றையும் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் முகத்தில் வீசுகிறது.

கொழும்பு வீதிகளில் மற்றவர்களுக்கு ஏற்படும் ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உயர்த்தியபின் முகப்பு விளக்கின் கோணத்தைத் தாழ்த்தாவிட்டால், பேஸ்லைன் வீதியில் எதிரே வரும் முச்சக்கரவண்டிச் சாரதியின் கண்ணில்தான் அந்த ஒளி விழும். பம்பர் உயர உயர, மோதலில் அது காரின் பலமான பகுதிக்கு மேலேறி, கதவையும் கண்ணாடியையும் தாக்கும். பாடசாலை வாசலில் பொனட்டுக்கு முன்னால் நிற்கும் சிறு பிள்ளை சாரதிக்குத் தெரியாத இடமும் பெரிதாகும். வாகனம் கவிழும் இயல்பும் கூடுகிறது. சில்லுகளுக்கிடையிலான அகலம் 1400 மில்லிமீற்றரும் புவியீர்ப்பு மையத்தின் உயரம் 650 மில்லிமீற்றரும் உள்ள ஜீப் ஒன்றில் அந்த மையம் 70 மில்லிமீற்றர் உயர்ந்தால், கவிழாமல் நிற்கும் அதன் திறன் ஏறத்தாழ பத்திலொரு பங்கு குறைகிறது. இக்காரணங்களுக்காகவே எல்லையற்ற அனுமதியை நான் கேட்கவில்லை.

இதே கணக்கு சஃபாரி ஜீப்களைப் பற்றி வேறொன்றையும் சொல்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. யால, உடவளவை, மின்னேரிய பூங்காக்களுக்குள் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜீப்களின் பின்புறத்தில் படிப்படியாக உயர்ந்த இருக்கைகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. 1800 கிலோகிராம் எடையும் 720 மில்லிமீற்றர் உயரத்தில் புவியீர்ப்பு மையமும் உள்ள வாகனத்தில், சராசரி 65 கிலோகிராம் எடையுள்ள ஏழு பேர், தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் அவர்களின் உடற்பாரம் அமையுமாறு அமர்ந்தால், மொத்த மையம் ஏறத்தாழ 875 மில்லிமீற்றருக்கு உயர்ந்துவிடும். ஸ்பிரிங் உயர்த்தியதால் வந்த உயர்வைப்போல இரு மடங்குக்கும் அதிகமான உயர்வு இருக்கைகளால் வருகிறது. பூங்காவுக்குள் மெதுவாக ஊரும்போது இதனால் தீங்கு குறைவு. விடியற்காலையில் பூங்காவின் வாயிலை முதலில் அடைவதற்காகத் திஸ்ஸமஹாராமையிலிருந்து தார் வீதியில் விரையும்போது தீங்கு பெரிது. டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் மட்டும் வரம்பு விதித்துவிட்டு இருக்கை உயரத்தை விட்டுவிடும் விதி, அதிக உயிர்களைச் சுமக்கும் வாகனத்தையே விட்டுவிட்டதாகும்.

2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிகமாகப் பொருத்தப்பட்டிருந்தவற்றைக் கழற்றும் நடவடிக்கையைத் தொடங்கியபோது எழுந்த வாதப்பிரதிவாதங்களைத் தாங்கள் அறிவீர்கள். ஆபத்தான பொருள் எது, அழகுக்கான பொருள் எது என்று வீதியோரத்தில் நின்று பிரித்தறிவது எவருக்கும் கடினம். ஜீப் விடயத்தில் இது இன்னும் கடினம். சரியான பாகங்கள் அனைத்துடனும் நாற்பது மில்லிமீற்றர் உயர்த்தப்பட்ட வாகனம் முரட்டுத் தோற்றத்தால் தடுத்து நிறுத்தப்படலாம். வால்வு சரிசெய்யப்படாத கெப் வெள்ளை நிறத்தில் அடக்கமாகக் கடந்து போய்விடலாம்.

பிற நாடுகள் இக்கேள்வியை வெவ்வேறு விதமாகத் தீர்த்துள்ளன. இந்திய உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், உற்பத்தியாளரின் விபரக்குறிப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. நம் வீதிகளில் ஓடும் கார்கள், ஜீப்களில் பல எந்நாட்டிலிருந்து வந்தனவோ அந்த ஜப்பானில், குறிப்பிட்ட சில பாகங்களுக்கு விதிவிலக்களித்து, பதிவிலுள்ள உயரத்திலிருந்து நான்கு சென்டிமீற்றருக்கு மேல் மாறினால் வாகனம் மறுபரிசோதனைக்குச் செல்ல வேண்டும். நம் நிலைமைக்கு மிக நெருக்கமானது அவுஸ்திரேலிய முறை என்பது என் எண்ணம். மாநிலத்துக்கு மாநிலம் நுணுக்கங்கள் வேறுபட்டாலும், அங்குள்ள தேசிய நடைமுறைக் கோவை, காட்டுப்பாதை வாகனத்தின் டயர் விட்டத்தை உற்பத்தியாளர் குறித்த மிகப்பெரிய டயரைவிட 50 மில்லிமீற்றர் வரை கூட்டலாம் என்கிறது. சிறிய உயர்வைச் சான்றின்றி அனுமதித்து, அதற்கு மேற்பட்டதைப் பொறியியலாளரிடம் அனுப்பி, பெரிய உயர்வுக்கு வேகமாகத் தடம் மாறும் ஓட்டச் சோதனையையும் கேட்கிறது. இதன்படி மேலே சொன்ன ஜிம்னியின் டயர் எல்லைக்குள் நிற்கும். ஹைலக்ஸின் டயர் நான்கு மில்லிமீற்றரால் வெளியே போய்விடும். உரிமையாளர் கடைக்குப் போகுமுன்பே பதிலை அறிந்துகொள்ளலாம். கராஜ்காரருக்கும் வாடிக்கையாளரின் வற்புறுத்தலுக்கு மறுப்புச் சொல்ல ஓர் ஆதாரம் கிடைக்கும்.

இங்கும் அதற்கான அடித்தளம் ஏற்கனவே இருக்கிறது. திணைக்களம் வழங்கும் பதிவுச் சான்றிதழிலேயே டயர் அளவுக்கும் வாகனத்தின் உயரத்துக்கும் இடமுண்டு. டயர் விட்டத்தில் 50 மில்லிமீற்றர் வரையும், டயரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த மொத்த உயர்வில் 50 மில்லிமீற்றர் வரையும் உள்ள மாற்றத்தை, விளக்குக் கோணமும் பிறேக் குழாய்களும் சுமை வால்வும் சரிபார்க்கப்பட்டன என்ற கராஜின் கையொப்பத்துடன் அந்தச் சான்றிதழில் பதிவுசெய்து அனுமதிக்கலாம். அதற்கு மேற்பட்ட எதற்கும் பட்டயப் பொறியியலாளரின் அறிக்கையும், திணைக்களத்தின் வேரஹெர அலுவலகத்திலோ மாவட்ட அலுவலகத்திலோ நேரடிப் பரிசோதனையும் தேவை என்று வைக்கலாம். ஒவ்வொரு வாகனமும் ஆண்டுக்கொரு முறை புகைப் பரிசோதனைக்கு வரத்தான் செய்கிறது; அங்கேயே மட்கார்டின் உயரத்தை அளந்து பதிவுடன் ஒப்பிடுவதற்கு ஒரு நாடாவைத் தவிர வேறெதுவும் வேண்டியதில்லை. பரிசோதகர்களைப் பயிற்றுவிப்பதற்கு ஒறுகொடவத்தையிலுள்ள மோட்டார் பொறியியல் பயிற்சி நிறுவனமும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இயந்திரப் பொறியியல் துறையும் இருக்கின்றன. ஏற்கனவே உயர்த்தப்பட்டு ஓடும் வாகனங்களைப் பதிவுக்குள் கொண்டுவர, தண்டமின்றி ஓராண்டு அவகாசம் கொடுக்கப்பட வேண்டும். அவ்வாறு கொடுக்காவிட்டால் மிக மோசமான நிலையிலுள்ளவையே முன்வராமல் மறைந்து நிற்கும். பதிவில் ஏறிய மாற்றத்தைக் காரணம் காட்டி விபத்தின் பின் காப்புறுதிக் கோரிக்கையை நிராகரிக்க இயலாது என்பதும் உறுதிசெய்யப்பட்டால், உரிமையாளர்கள் தாமாகவே வருவார்கள்.

விதியை வரையும் குழுவில் பொறியியலாளர்களுடனும் பொலிஸாருடனும் கராஜ் பாஸ்மார் (திருத்துநர்கள்) சிலருக்கும், சஃபாரி ஜீப் சாரதிகளுக்கும், தோட்ட வாகனங்களை ஓட்டுவோருக்கும் இடமளிக்குமாறு வேண்டுகிறேன். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் விற்பவரும் கிராண்ட்பாஸிலும் ஹட்டனிலும் ஸ்பிரிங் மாட்டுபவரும் தமிழில் மட்டுமே வாசிப்பவர்களாக இருப்பதுண்டு. பிறேக் வால்வு பற்றிய ஒரு வரி அவர்களுக்குப் புரியாமல் போனால் விதியின் நோக்கமே நிறைவேறாது. எனவே வரைவைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிடும் அதே நாளில் தமிழிலும், கராஜில் வழங்கும் சொற்களோடும் விளக்கப் படங்களோடும் வெளியிட்டு, கருத்துக் கூறுவதற்குப் போதிய காலம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அளவெடுத்துக் காட்டவோ பிரித்துப் பொருத்திக் காட்டவோ ஒரு வாகனமும் கராஜும் குழுவுக்குத் தேவைப்பட்டால், என்னுடையதைத் தரத் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கராஜ் உரிமையாளர் ஒருவர்
கிராண்ட்பாஸ், கொழும்பு 14